எதிரே வக்கீல், இந்தப் பக்கம் நீங்கள் மட்டும்

குடும்ப நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டம் படித்தவனில்லை. ஆனால் நீதிபதிக்குக் கீழே, இரண்டு தரப்பின் முகமும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். இன்றைக்கும் உறவிலோ தெருவிலோ யாருக்காவது விவாகரத்து வழக்கு என்றால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை, நானே பேசிக்கலாமா? அந்தப் பக்கத்து வக்கீல் ரொம்பக் கத்துறாரே" என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் கூச்சத்தை விடுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-ல் வந்தது. அதன் 13-ஆம் பிரிவின்படி எந்தத் தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது. நீதிபதி அனுமதித்தால்தான் வக்கீல். நடைமுறையில் அந்த அனுமதி கேட்டவுடன் கிடைத்துவிடுகிறது, அது வேறு கதை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அங்கே நிற்க வேண்டியவர் நீங்கள்தான். எதிரே நிற்கிற வக்கீல் அனுமதி வாங்கி வந்தவர். குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊரில் வழக்கு சார்பு நீதிமன்றத்தில் நடக்கும். அங்கே இந்தப் பிரிவு பேசாது என்றாலும், உங்கள் வழக்கை நீங்களே நடத்த யாரும் தடை சொல்ல முடியாது.

2. எல்லா வழக்கையும் தனியாக நடத்தலாம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு பேரும் மனமொத்துப் பிரிவது என்றால் தாராளமாக நடத்தலாம். வரதட்சணைக் கொடுமை என்று கிரிமினல் வழக்கும் கூடவே ஓடுகிறது, குழந்தையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும் பேச்சு இருக்கிறது, இரண்டு பேர் பெயரிலும் வீடு இருக்கிறது என்றால் வீம்பு வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் விசாரிக்கலாம். முழு வழக்கையும் ஒப்படைக்காவிட்டாலும், எதிருரை, அதாவது மனுவுக்கான பதில், போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

3. வாய்தாவைத் தவறவிடாதீர்கள். கத்துகிற வக்கீலால் தோற்றவர்களைவிட, டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடும்போது டீக்கடையில் நின்று தோற்றவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பே ஆகிவிட்டால் அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள்தான். இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். அதை நம்பி வீட்டில் இருந்துவிடாமல், கோர்ட் ஹாலில் தேதி சொல்லும்போதே காதில் வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்.

4. எதிர்மனுதாரராக இருந்தால் உங்கள் கைக்கு வருகிற மனுவைப் படித்து உடம்பெல்லாம் எரியும். குடிகாரன், நடத்தை கெட்டவள், பைத்தியம் என்று என்னவெல்லாமோ இருக்கும். அதில் பாதி வரிகளை வக்கீல் ஆபீசில் பழைய மனு ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். இதே வரிகளை எத்தனையோ மனுக்களில் நான் படித்திருக்கிறேன். மறுநாள் பென்சிலோடு உட்கார்ந்து, பத்திக்கு எண் போட்டு, எது உண்மை, எது பொய், எது பாதி உண்மை என்று ஓரத்தில் குறியுங்கள்.

எதிருரை போட 30 நாள். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டித் தருவார்கள். "மனுவில் கண்டவை அனைத்தும் பொய்" என்று ஒரே வரியில் முடித்தால் மறுத்த மாதிரியே ஆகாது. குறிப்பிட்டு மறுக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள சிவில் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. இப்படி எழுதுங்கள்: "பத்தி 7-ல், 2021 தீபாவளியன்று மனுதாரரின் தாயாரை நான் வீட்டை விட்டு வெளியேற்றியதாகச் சொல்வதை மறுக்கிறேன். அன்று நான் மதுரையில் என் அக்கா வீட்டில் இருந்தேன். பயணச்சீட்டு தாக்கல் செய்துள்ளேன்." இவ்வளவு போதும். இதற்கு எதிரே எத்தனை பெரிய வக்கீலும் அந்தச் சீட்டைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்.

இன்னொன்று. அவர்கள் சேற்றை அள்ளி வீசினார்கள் என்று நீங்களும் எதிருரையில் மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதிவிடாதீர்கள். நிரூபிக்க முடியாத அந்த வரியே மனரீதியான கொடுமை என்று ஆகிவிடும். 2003-ல் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில், எதிருரையில் எழுதிய பழியைக் கணவர் பிறகு நீக்கிக்கொண்ட பின்பும், எழுதியது எழுதியதுதான் என்று மனைவிக்குக் கிடைத்த விவாகரத்தை உறுதி செய்தது. சீண்டிவிடுகிற வக்கீலுக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் கோபத்தில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

5. பணம். இங்கேதான் எதிர்த்தரப்பு இழுத்தடிக்கும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்மனுதாரருக்கு நான்கு வாரம் அவகாசம். வாய்தா வாங்கி வாங்கிக் காலம் கடத்தினால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கலாம். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்க இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவு இருக்கிறது; நோட்டீஸ் சார்வான 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த 24-ஐ கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். எதிர்த்தரப்பு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யாவிட்டால் வாய்ச்சண்டை போடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து தாக்கல் செய்யவில்லை என்று அரைப் பக்கத்தில் ஒரு மெமோ போடுங்கள். அது கட்டில் ஏறிவிடும்.

உங்கள் பத்திரமும் சுத்தமாக இருக்கட்டும். டியூஷன் எடுத்து வரும் ஐயாயிரத்தை மறைத்துவிட்டு, ஜி-பே கணக்கில் மாட்டிக்கொண்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் எந்த நிஜத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

6. வராண்டாவில் ஜாக்கிரதை. உங்களுக்கு ஒரு வக்கீல் இருந்தால் அவரைத் தாண்டி எதிர்த்தரப்பு வக்கீல் உங்களிடம் சமரசம் பேசக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. உங்களுக்குத்தான் வக்கீல் இல்லையே, அந்தக் கவசமும் இல்லை. ஆகவே நேராக வருவார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, இன்னிக்கே முடிச்சுடலாம்" என்பார். அல்லது, "உங்க அண்ணனையும் கேஸ்ல சேர்க்க வேண்டியிருக்கும் சார்" என்று காதோடு சொல்வார். "எழுதிக் கொடுங்க சார், படிச்சிட்டு அடுத்த வாய்தாவுல சொல்றேன்." இந்த ஒரு வாக்கியம் போதும். அதற்குமேல் நின்று பேசாதீர்கள்.

7. உள்ளே போனால் வக்கீலைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்துப் பேசுங்கள். வக்கீல் பேசும்போது குறுக்கே விழாமல் பேப்பரில் குறித்துக்கொண்டு, முறை வரும்போது "ஐயா, மூன்று விஷயம்" என்று ஆரம்பித்து மூன்றோடு நிறுத்துங்கள். கட்டுக்கட்டாக வழக்குப் பார்க்கிற நீதிபதிக்கு அது பெரிய உபகாரம். கூட்டத்தின் நடுவே வீட்டு விஷயம் பேசக் கூசினால், மூடிய அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள்; ஒரு தரப்பு விரும்பினால் அப்படியே நடத்த வேண்டும் என்று குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. வேடிக்கை பார்க்க ஆளில்லாத அறையில் சில வக்கீல்களின் குரல் பாதியாகக் குறைந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

8. கவுன்சிலிங்கைச் சடங்காக நினைக்காதீர்கள். சேர்ந்து வாழத்தான் சொல்வார்கள் என்றில்லை. கௌரவமாகப் பிரிய வழி இருந்தால் அதுவும் அங்கேதான் தெரியும். பரஸ்பர சம்மதத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உரிய காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒன்றை யோசியுங்கள்: சம்மதத்தின் பேரில் வருகிற தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. எந்தத் தேதியில் எவ்வளவு தொகை, நகை எத்தனை பவுன், சீர் வரிசையில் எது திரும்புகிறது, பிள்ளையை எந்த ஞாயிறு எத்தனை மணிக்கு யார் கூட்டிப்போவது, மற்ற வழக்குகளை யார் எப்போது வாபஸ் வாங்குவது என்று எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். "பேசிக்கலாம்" என்று விட்டதெல்லாம் பிறகு நிறைவேற்று மனுவாகத் திரும்பி வரும்.

9. வாட்ஸ்அப் செய்திகளைப் பிரிண்ட் எடுத்து நீட்டினால் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65-பி என்பார்களே, அதுதான். குடும்ப நீதிமன்றம் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடியைத் தளர்த்தி எந்த ஆவணத்தையும் ஏற்கலாம் என்று குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு இருந்தாலும், சான்றிதழ் இருந்தால் எதிர் வக்கீலின் ஒரு ஆட்சேபம் குறையும். நானூறு பக்க சாட்டிங்கை அப்படியே போடாதீர்கள். வழக்குக்கு வேண்டிய எட்டுப் பக்கத்தை எடுத்துத் தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டு, நீதிமன்றத்துக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று மூன்று செட் வைத்திருங்கள்.

10. குறுக்கு விசாரணைதான் எல்லோரும் நடுங்குகிற இடம். வக்கீல் கேட்பார்: "2022 பொங்கலுக்கு நீங்க மனுதாரர் வீட்டுக்குப் போகல, சரிதானே?"

"சரிதான்."

இங்கே நிறுத்த வேண்டும். "அது வந்து, அவங்க அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க, அதனாலதான்..." என்று நீட்டினால், "ஆக, மாமியாரோட உங்களுக்கு ஆகாது" என்று அடுத்த கேள்வி வரும். விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால், குறுக்கு விசாரணை முடிந்ததும் மறு விசாரணையாகச் சொல்ல அனுமதி கேளுங்கள்.

அடுத்து யோசனைக் கேள்விகளை அடுக்குவார். "நீங்க மனுதாரரைப் பலமுறை அடிச்சீங்கன்னு சொல்றேன்." சத்தமாக இருக்கும், விரல் நீளும். நீங்கள் "சரியல்ல" என்றால் போதும். வாக்குமூலத்தில் "நான் மனுதாரரைப் பலமுறை அடித்தேன் என்று சொன்னால் சரியல்ல" என்று ஏறும். விரலும் சத்தமும் அதில் ஏறாது. தீர்ப்பு எழுத உட்காரும்போது நீதிபதி கையில் இருப்பது அந்தத் தாள்தான். கேள்வி அவமானப்படுத்துவதற்காகவே கேட்கப்பட்டால் நீதிபதியைப் பார்த்து, "ஐயா, இந்தக் கேள்விக்கு ஆட்சேபம்" என்று சொல்லுங்கள். தடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் வாக்குமூலத்தை வரி வரியாகப் படியுங்கள். நேரமாகிறது என்று பெஞ்ச் கிளார்க் முறைத்தாலும் படியுங்கள். நானும் முறைத்திருக்கிறேன், படித்தவர்கள் மேல் உள்ளூர மரியாதைதான்.

உங்கள் முறை வந்து நீங்கள் அவரையோ அவளையோ விசாரிக்கும்போது பழைய வீட்டுச் சண்டையைத் தொடராதீர்கள். "ஏன் அப்படிச் செஞ்சே?" என்ற கேள்வி கேட்டால் அவர்கள் கதை சொல்ல நீங்களே மேடை போட்டுக் கொடுத்த மாதிரி. ஒரு கேள்விக்கு ஒரு விஷயம், கையில் அதற்கான காகிதம். அவர்கள் சாட்சியத்தில் எதையெல்லாம் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லையோ, அதையெல்லாம் யோசனைக் கேள்வியாகப் போட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால், மறுக்கவில்லை என்று வாதிடுவார்கள்.

11. பிள்ளைகளை நீதிபதி கேட்டாலொழிய நீதிமன்றத்துக்குக் கூட்டி வராதீர்கள்.

12. தீர்ப்பு சொன்ன அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். குடும்ப நீதிமன்றத் தீர்ப்புக்கு உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய 30 நாள். நகல் தயாராக ஆகும் நாள்கள் அதில் கழியும், மனுப் போடாமல் சும்மா இருந்த நாள்கள் கழியாது. ஜெயித்தவர்களும் அப்பீல் கெடு முடியும்வரை அடுத்த கல்யாணப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். நகல் கைக்கு வந்ததும் பெயர், இனிஷியல், கல்யாணத் தேதி, பிள்ளையின் பெயர் நான்கையும் உங்கள் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்த மனு அப்போதே போட்டுவிடலாம். நான்கு வருஷம் கழித்துப் பாஸ்போர்ட் ஆபீசில் இனிஷியல் இடிக்கிறது என்று வந்தால், கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும். அதைத் தேடி எடுப்பதற்கே தனியாக அலைய வேண்டும்.