லாக் ஃபைலை மாற்றினால் புராசஸுக்கும் சொல்லுங்கள்

இரவு ஒரு மணிக்கு போன் வந்தது. சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது, ஆர்டர் எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே லாக் ஃபைல் 40 ஜிபிக்கு வளர்ந்திருந்தது. ஆர்எம் கொடுத்து அழித்தேன். டிஎஃப் அடித்தால் அப்போதும் 100 சதவீதம். டியூவோ ஃபைல்கள் அவ்வளவு இடம் பிடிக்கவில்லை என்று காட்டியது.

இரண்டுமே சரியான கணக்குதான். லினக்ஸில் பெயர் வேறு, ஃபைல் வேறு. பெயர் டைரக்டரியில் உள்ள வெறும் குறிப்பு. ஃபைலின் உண்மையான அடையாளம் ஐநோடு. ஒரு முறை திறந்த பிறகு புராசஸ் பெயரைத் தேடுவதில்லை. தன் கையிலுள்ள டிஸ்கிரிப்டர் வழியாக எழுதிக்கொண்டே போகும். பெயரை அழித்தாலும், அது பிடியை விடும்வரை இடம் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப் பட்டியலில் அந்த ஃபைலுக்குப் பக்கத்தில் ‘டெலீட்டட்’ என்று இருந்தது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துதான் இடத்தை மீட்டேன். இணைப்பில் இருந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் துண்டிக்கப்பட்டார்கள்.

அன்று முதல் நான் கடைப்பிடிப்பவை:

1. ஓடும் புராசஸின் லாக்கை அழிக்காதீர்கள். அவசரமென்றால் ட்ரங்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்குங்கள். ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால், ப்ராக் டைரக்டரியில் அந்த புராசஸ் எண்ணின் கீழுள்ள எஃப்டி வழியாகவும் இதைச் செய்யலாம், ரீஸ்டார்ட் தேவையில்லை.

2. லாக்கைத் தானாகச் சுழற்றும் லாக்ரொட்டேட்டில் பழைய ஃபைலின் பெயரை மாற்றியதும், புதியதைத் திறக்கச் சொல்லி போஸ்ட்ரொட்டேட் பகுதியில் சிக்னல் அனுப்புங்கள். என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1, ஆர்சிஸ்லாகுக்கு ஹெச்யூபி.

3. சிக்னல் புரியாத அப்ளிகேஷனுக்கு மட்டும், லாக்கை நகலெடுத்துவிட்டு அதையே காலியாக்கும் காப்பிட்ரங்கேட். நகலெடுப்பதற்கும் காலியாக்குவதற்கும் இடைப்பட்ட நொடியில் விழும் வரிகள் தொலைந்துபோகும். அப்ளிகேஷன் அப்பெண்ட் முறையில் எழுதுகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய இடத்திலிருந்தே எழுதத் தொடங்கும். காலியாக்கிய ஃபைல் மறுபடி 40 ஜிபி என்று காட்டும்.

4. டிலேகம்ப்ரஸ் போடுங்கள். சிக்னல் கிடைத்த பிறகும் சில வொர்க்கர்கள் சற்று நேரம் பழைய ஃபைலில் எழுதலாம். அதை அடுத்த சுற்றில் சுருக்கினால் போதும்.

5. அளவு வரம்பை மட்டும் நம்பாதீர்கள். லாக்ரொட்டேட் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறைதான் ஓடும். ஓடும்போதுதான் அளவைப் பார்க்கும். வேகமாக வளரும் லாக்குக்கு அதை மணிக்கொரு முறை ஓட விடுங்கள்.

6. லாக்ரொட்டேட்டுக்கு மைனஸ் டி கொடுத்து ஒத்திகை பார்ப்பது நல்லது. ஆனால் அதில் போஸ்ட்ரொட்டேட் ஓடாது. அதனால் பகல் வேளையில் ஒரு முறை மைனஸ் எஃப் கொடுத்து நிஜமாகவே சுழற்றுங்கள். பிறகு புராசஸ் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று எல்எஸ்ஓஎஃப்பில் பாருங்கள்.

இன்றைக்கே உங்கள் சர்வரில் ‘எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1’ அடித்துப் பாருங்கள். அழித்ததாக நினைத்த லாக் ஏதாவது அங்கே இருந்தால், டிஸ்க் நிரம்பும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.