இரு பக்கத்துப் பண்டிகையும் ஒரே வீட்டில்: கொழும்புக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மருதானை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று கொழும்பின் எந்தப் பக்கம் போனாலும் கலப்புத் திருமணக் குடும்பங்களைக் காணலாம். அம்மா சைவம், அப்பா பௌத்தம். அல்லது ஒருவர் கோயில், மற்றவர் தேவாலயம். இப்படியான வீட்டில் திட்டம் இல்லாவிட்டால் ஒரு பக்கத்துப் பண்டிகை மெல்ல மெல்ல விடுபட்டுப் போகும். அதனால் நட்டப்படுவது பிள்ளைதான். அது நேராமல் இருக்கச் சில ஒழுங்குகள்:

1. தை பிறக்க முன்பே நாட்களைக் குறியுங்கள். பஞ்சாங்கம், சிங்கள லித்த, தேவாலய நாட்காட்டி மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒரே கலண்டரில் எழுதுங்கள். பொங்கல், சிவராத்திரி, புத்தாண்டு, வெசாக், தீபாவளி, நத்தார் எல்லாம் அரச விடுமுறை. தைப்பூசமும் கார்த்திகை விளக்கீடும் பௌர்ணமியை ஒட்டி வருவதால் பல வருடங்களில் போயாவோடு சேர்ந்துவிடும். சேராத வருடத்துக்கும், ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கும் முன்கூட்டியே லீவு கேளுங்கள்.

2. மோதும் நாட்களை முதலே பேசி முடியுங்கள். 2017இல் புத்தாண்டு நாளான ஏப்ரல் 14 பெரிய வெள்ளியாகவும் இருந்தது. 2025இல் புத்தாண்டு பரிசுத்த வாரத்துக்குள் வந்தது. அப்படியான வருடங்களில் புத்தாண்டுச் சமையலை எளிமையான மரக்கறியாக வைத்து, விருந்தை உயிர்த்த ஞாயிறுக்குப் பின் தள்ளலாம். மார்கழித் திருவெம்பாவைக்குள் நத்தார் வந்தால், விரதகாரருக்குத் தனிச் சட்டியில் சமையுங்கள்.

3. புத்தாண்டு நேரங்களைத் தாளில் எழுதிக் குசினியில் ஒட்டுங்கள். வாக்கிய, திருக்கணித பஞ்சாங்கங்களின் நேரமும் லித்தவின் நேரமும் வேறுபடலாம். தமிழர் விஷு புண்ணியகாலம் வருடப் பிறப்புக்கு முன்னும் பின்னும் நான்கு மணித்தியாலம். சிங்கள நொனகதய 12 மணித்தியாலம் 48 நிமிடம். அந்த நேரத்தில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே கொக்கிஸ், பலகாரம், முறுக்கு எல்லாவற்றையும் முதலே சுட்டு முடியுங்கள். புண்ணியகாலத்தில் மருத்துநீர் வைத்து முழுகுங்கள். லித்தவின் சுபநேரத்தில் அடுப்பு மூட்டிக் கிரிபத் சமையுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் சடங்கு சில நாள் கழித்தே வரும் என்பதால் அதற்கும் தாராளமாக இடம் உண்டு.

4. மச்சம், மரக்கறி ஒழுங்கை எல்லோருக்கும் சொல்லுங்கள். போயா தினத்தில் இறைச்சியும் மதுவும் விற்கத் தடை. மறுநாள் விருந்து என்றால் முதல்நாளே வாங்குங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் போயாவோடு மோதாது. ஆனால் அதன்பின் உடனே கந்தசஷ்டி தொடங்கும். ஆட்டிறைச்சிக் கறியை மிச்சம் வராத அளவில் சமையுங்கள்.

5. யாருடைய பண்டிகையோ, அவரே முன்னின்று நடத்தட்டும். மற்றவர் துணை நிற்கட்டும். பொங்கல் பானைக்குப் பால் ஊற்ற பௌத்தக் கணவர் வரட்டும். வெசாக் கூட்டுக்கு சைவ மனைவி கடதாசி ஒட்டட்டும். இரண்டையும் கலந்து ஒன்றாக்க வேண்டாம். ஒவ்வொன்றும் அதன் முறைப்படி நடந்தால்தான் பிள்ளைக்கு இரண்டும் விளங்கும். வெசாக் இரவில் பொரளை, புறக்கோட்டைத் தோரணங்களைக் காட்டுங்கள், தன்சல் வரிசையில் சேர்ந்து நில்லுங்கள். ஆடிவேல் ஊர்வலத்துக்கும் அதே ஆர்வத்தோடு கூட்டிப் போங்கள்.

6. தாத்தா பாட்டி வீடுகளை முறைவைத்துப் போங்கள். இந்தப் புத்தாண்டு முதல்நாள் ஒரு வீடு, அடுத்த வருடம் மற்ற வீடு. அம்மம்மாவிடம் கைவிசேஷம் வாங்கும் பிள்ளை, ஆச்சியம்மாவுக்கு வெற்றிலை கொடுத்து விழுந்து கும்பிடவும் பழகட்டும்.

7. வழிபாட்டில் வற்புறுத்தல் வேண்டாம். கூட வருவது அன்பு. கும்பிடுவது அவரவர் விருப்பம். இதைத் திருமணத்துக்கு முன்பே இரு வீட்டாரும் பேசிக்கொள்வது நல்லது.

போன வருடம் உங்கள் வீட்டில் விடுபட்ட பண்டிகை எது என்று இன்றே கேட்டுப் பாருங்கள். புதிய கலண்டரில் முதலில் அதை எழுதுங்கள்.