பக்கத்தைப் பூட்டினால் தலைப்பும் மறையுமா?

அலுவலக விக்கியில் ‘ஆட்குறைப்புப் பட்டியல்’ என்றொரு பக்கம். திறக்க நிர்வாகிகளுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் தேடினால் தலைப்பு வந்து நிற்கிறது. யார், எந்த நேரத்தில் திருத்தினார் என்பதும் தெரிகிறது. இனி உள்ளே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? தலைப்பு, பகுப்பு, திருத்தியவர் பெயர், திருத்தச் சுருக்கம் ஆகிய இந்த மீத்தரவுகளைக் காப்பதில் விக்கி மென்பொருள்கள் ஒன்றுபோல் இல்லை.

விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கியில் திருத்துவதையும் பெயர் மாற்றுவதையும் பக்கவாரியாகத் தடுக்கலாம். பகுப்புகள் பக்க உரைக்குள்ளேயே இருப்பதால் அவையும் பத்திரம். படிப்பதைத் தடுப்பதுதான் சிக்கல். விக்கி முழுவதையும் வெளியாருக்கு மூடலாம். பெயர்வெளிவாரியாக, அதாவது பக்கங்களைத் தொகுதி தொகுதியாக, மூட லாக்டவுன் போன்ற நீட்சிகள் வேண்டும். அவற்றைப் போட்டாலும் வேறு வழியாகத் தகவல் கசியலாம் என்று மீடியாவிக்கியின் ஆவணமே எச்சரிக்கிறது. பழைய திருத்தங்களில் பெயரையும் சுருக்கத்தையும் நிர்வாகி மறைக்கலாம்தான். அது நடந்து முடிந்த பிறகு செய்கிற வேலை.

டோக்குவிக்கியில் அனுமதிப் பட்டியல் மென்பொருளோடே வருகிறது. படிக்க, திருத்த, உருவாக்க, பதிவேற்ற, நீக்க என்று படிப்படியாக, பெயர்வெளிக்கோ தனிப் பக்கத்துக்கோ கொடுக்கலாம். விதிகள் எல்லாம் பக்கங்களுக்கு வெளியே ஒரே கோப்பில் இருப்பதால், பக்கத்தைத் திருத்துபவர் அவற்றைத் தொட முடியாது. ஆனால் படிக்க அனுமதி இல்லாத பெயர்வெளியின் பெயரும் தளவரைபடத்தில் தெரியும். இயல்பான அமைப்பு அப்படி. ‘ஸ்னீக்கி இண்டெக்ஸ்’ என்ற விருப்பத்தை இயக்கினால் மறையும். கூடவே, பார்க்க அனுமதியுள்ள உட்பெயர்வெளிகளும் சில சமயம் காணாமல் போகும். தரவுக் கோப்புறையை வலை உலாவிக்கு எட்டாமல் வைத்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

2008இல் டிவிக்கியிலிருந்து பிரிந்த ஃபாஸ்விக்கி, படிவப் புலங்களோடு பக்கங்களை நடத்துபவர்களுக்கு வசதி. இங்கே ஒரு பக்கத்துக்கான அனுமதி விதியை அந்தப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். அதனால் பக்கத்தைத் திருத்த முடிந்தவர் பூட்டையும் மாற்றிவிடலாம். திருத்தும் உரிமையைக் கை தளர்த்திக் கொடுக்கும் அலுவலகத்துக்கு இது சரிவராது.

சிறிய குழுவுக்கு நான் சொல்வது டோக்குவிக்கி. தலைப்பே ரகசியம் என்றால் எந்த அனுமதிப் பட்டியலையும் நம்ப வேண்டாம். தனி விக்கியே நிறுவுங்கள். எதைத் தேர்ந்தாலும், எந்த உரிமையும் இல்லாத ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்து தேடல், அண்மைய மாற்றங்கள், ஊட்டம் மூன்றையும் பாருங்கள். நிர்வாகிக் கணக்கில் சோதித்தால் எதுவும் பிடிபடாது.