பாத்தியில் எத்தனை கிலோ?

அன்புத் தங்கைக்கு,

எம்.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே இரும்பை ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தரப் போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. நம் கடலோரப் பகுதிக்கு இது புதிதல்ல. இல்லம் தேடிக் கல்வித் திட்டமே 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. பெருந்தொற்றில் விட்டுப்போன பாடங்களைத் தன்னார்வலர்கள் தெருத் திண்ணையில் உட்கார்ந்து மீட்டுத் தந்தார்கள்.

போனதும் வாய்பாடு ஒப்பிக்கச் சொல்லாதே. உப்பளத்திலிருந்து தொடங்கு. நீளமும் அகலமும் பத்துப் பத்து மீட்டர், ஐந்து சென்டிமீட்டர் ஆழம் நீர்: ஒரு பாத்தி. கன அளவு 5,000 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆக 175 கிலோ. இங்கே நிறுத்து. அம்மாவோடு உப்பளத்துக்குப் போய்வரும் பிள்ளை ஒருத்தி இருந்தால், "பாத்தில கட்றது கடத் தண்ணி இல்லக்கா, வெயில்ல காஞ்சு கெட்டியான தண்ணி" என்பாள். அவளை அடக்கிவிடாதே, பாடமே அங்குதான் பிறக்கிறது. கறியுப்பு படியத் தொடங்கும்போது கடல்நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டியிருக்கும். அப்படியானால் அந்தப் பாத்திக்குள் வந்தது எத்தனை லிட்டர் கடல்? கரைந்த உப்புகளில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் கறியுப்பு. மீதி என்ன ஆகிறது? விகிதமும் சதவீதமும் தாமாக வந்து நிற்கும். விடையை நீ சொல்லாதே. அவர்கள் தரையில் கோடு கிழித்துச் சண்டை போடட்டும்.

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். ராமானுஜம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு பல ஆண்டுகள் உழைத்தவர். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக அவர் தலைமையில் கூடிய குழு, பிள்ளையின் சிந்தனையையே கணிதமயமாக்குவதுதான் கணிதக் கல்வியின் நோக்கம் என்றது. கணக்கைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுவதை முதல் குறையாகச் சொன்னது. அதை நான் முழுமனதோடு ஒப்புகிறேன். உயர்கணிதம் படித்தவளிடம் இருக்கும் பெரிய சொத்து சூத்திரம் அல்ல. விடை வராமல் நாள்கணக்கில் ஒரு கணக்கோடு உட்கார்ந்திருந்த பழக்கம். 'எனக்கும் இது வரவில்லை, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லக் கூசாதே. இதில் உனக்கும் பயன் உண்டு. அமெரிக்காவில் 1999 முதல் பல ஆண்டுகள் ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். தங்கள் ஆராய்ச்சியை எளிமையாகச் சொல்லக் கற்றது அங்கேதான் என்றார்கள் போனவர்கள்.

வகுப்பாசிரியரைப் பார்த்துவிட்டுப் போ. எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். உனக்குத் தேர்வு நெருங்கினால் வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொள். ஆனால் வருகிறேன் என்று சொன்ன கிழமையில் போகாமல் மட்டும் இருந்துவிடாதே, அம்மா.

அன்புடன்,
அண்ணன்