பங்கு போட்டால் எண்ணின் குணம் தெரியும்



சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் பிள்ளைக்குப் பல வாசல்கள் அடைபட்டுப் போகின்றன. "எங்களுக்கு எழுத்தே தெரியாது, நாங்க எப்படிக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்கும் பெற்றோர் நம் லயங்களில் பலர். பங்கு போடத் தெரிந்தால் போதும். இன்றைய பாடம் அதுதான்.

பன்னிரண்டு தேயிலைக் கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் வராமல் 1, 2, 3, 4, 6, 12 பேருக்குப் பங்கிடலாம். இந்த ஆறும் 12இன் காரணிகள். இன்னொரு கொட்டையைச் சேர்த்து 13 ஆக்குங்கள். ஒருவரே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் 13 பேர் ஆளுக்கொன்று எடுக்கலாம். வேறு வழி கிடையாது.

இதை வைத்து எண்களை மூன்று வகையாக்கலாம்.

1. ஒரேயொரு காரணி உள்ளது: 1 மட்டும்.
2. இரண்டே காரணிகள் உள்ளவை முதன்மை எண்கள்: 2, 3, 5, 7, 11, 13...
3. இரண்டுக்கு மேல் உள்ளவை சேர்த்தி எண்கள்: 4, 6, 8, 9, 10, 12...

இதனால் என்ன பயன்? மன்னார்ப் பக்கத்தில் கட்டுக்கரைக் குளம் இருக்கிறது. அப்படிப்பட்ட குளத்துத் தண்ணீரை ஒரு நாள் முழுக்க முறை வைத்துப் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். 24 மணித்தியாலத்தை 2, 3, 4, 6, 8, 12 வயல்களுக்குச் சண்டையில்லாமல் முழு மணியாகப் பிரிக்கலாம். நாளுக்கு 23 மணி என்றிருந்தால் முடியுமா? 23 முதன்மை எண்ணாயிற்றே!

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விடக் கூடுதலான காரணிகள் கொண்ட எண்களைத் தனி வகையாக்கி ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன். 6க்கு 4, 12க்கு 6, 24க்கு 8, 36க்கு 9, 48க்கு 10, 60க்கு 12 காரணிகள். 30க்கும் 8 காரணிகள்தான். 24ஐ மிஞ்சவில்லை, ஆகவே அது இந்த வரிசையில் சேராது.

இராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் கல்லூரிப் படிப்பு நின்றுபோனது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாவுக்குக் குமாஸ்தா வேலை பார்த்தார். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேயே அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இந்த எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1915இல் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சிக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது.

நம் பிள்ளைகள் எல்லோரும் இராமானுஜன் ஆக வேண்டியதில்லை. கணக்கென்றால் பயப்படாமல் இருந்தால் சரி.

வீட்டில் செய்து பாருங்கள்: 28இன் காரணிகளில் 28ஐ விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். என்ன வருகிறது? 6க்கும் அப்படியே செய்யுங்கள். பிள்ளை எழுதட்டும், அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருந்து கொட்டைகளை எண்ணிக் கொடுங்கள்.