சீட்டும் புட்டியும்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் முன்னோர் வாக்கு. இன்றைய அறிவியல் உலகில் இப்பழமொழி மிகவும் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அது இரசாயனப் பொருள்கள் புழங்கும் பணியிடமே ஆகும்.

சாயப்பட்டறை, தோல் பதனிடும் தொழிற்சாலை, மருத்துவமனை, ஏன், நம் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் அமிலங்களும் காரங்களும் அன்றாடம் கையாளப்படுகின்றன. அவற்றுள் பல, பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். முகர்ந்தோ சுவைத்தோ அறிய முயல்வது ஆபத்து. ஆகவே கண்ணால் அறிய முடியாததை எழுத்தால் அறியச் செய்கிறோம்.

அந்த எழுத்து மூன்று வகைப்படும். முதலாவது, புட்டியின் மேல் ஒட்டப்படும் லேபிள். இரண்டாவது, பாதுகாப்புத் தகவல் தாள். மூன்றாவது, இருப்புப் பதிவேடு. ஐக்கிய நாடுகள் சபை 2003ஆம் ஆண்டு வெளியிட்ட உலகப் பொது முறைப்படி, தகவல் தாளில் 16 பகுதிகள் உள்ளன. பொருளின் பெயர், அதன் தீமைகள், முதலுதவி, தீயணைக்கும் வழி, சிந்தினால் செய்ய வேண்டியவை, சேமிக்கும் முறை முதலியன அதில் வரிசையாக இடம்பெறும்.

இவற்றில் பிழை இருந்தால் என்ன நேரும்? சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

சோடியம் உலோகம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் ஹைட்ரஜன் வாயு வெளிப்பட்டுத் தீ மேலும் பெருகும். தாளில் இது விடுபட்டால், உதவ ஓடி வந்தவரே ஆபத்துக்கு உள்ளாவார்.

ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற ஒரே பெயரில் பலவகைக் கரைசல்கள் விற்கப்படுகின்றன. 3 சதவீதக் கரைசல் கிருமிநாசினி. 30 சதவீதக் கரைசலோ தோலைப் புண்ணாக்கும். புதிய சரக்கு வந்த பின்னும் பழைய தாளையே வைத்திருந்தால், பெயர் சரியாக இருந்தும் செய்தி தவறாகிவிடும்.

ஈதர் திறந்த பின் நாளடைவில் காற்றுடன் கூடி வெடிக்கும் தன்மையுள்ள பெராக்சைடுகளை உண்டாக்கும். ஆகவே புட்டியைத் திறந்த தேதியைக் குறித்து வைப்பது உயிர் காக்கும் செயலாகும்.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு போபால் நகரில் மெதில் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு கசிந்து, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மருத்துவமனையில் குவிந்தவர்களுக்கு எந்த வாயுவுக்கு என்ன சிகிச்சை அளிப்பது என்பது மருத்துவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. உரிய நேரத்தில் கிடைக்காத தகவலின் விலை எத்தகையது என்பதை நாடு அன்று கண்டது. பின்னர், 1989ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அபாயகர இரசாயனப் பொருள்கள் பற்றிய விதிகள், தகவல் தாளையும் கலங்களின் மேல் லேபிளையும் கட்டாயமாக்கின.

ஆனால் சட்டத்திற்காகத் தாளை வாங்கி, மேலாளர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினால் போதுமா? இரவுப் பணியில் இருக்கும் தொழிலாளியின் கண்ணில் அமிலம் தெறித்தால், சாவியைத் தேட அவருக்கு நேரம் ஏது? அவர் படிக்க இயலாத மொழியில் தாள் இருந்தால், இருந்தும் பயன் என்ன?

எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

1. வேறு புட்டிக்கு மாற்றியவுடன் அதற்கும் லேபிள் ஒட்ட வேண்டும்.
2. புதிய சரக்கு வரும்போதெல்லாம் தாளையும் பொருளையும் ஒப்பிட வேண்டும்.
3. பதிவேட்டை நாற்காலியில் அமர்ந்து எழுதாமல், அலமாரியின் முன் நின்று சரிபார்க்க வேண்டும்.
4. தீர்ந்த பொருளின் பெயரை இருப்பிலிருந்து நீக்க வேண்டும்.
5. பணிபுரிவோர் கைக்கு எட்டும் இடத்தில், அவர்களுக்குப் புரியும் மொழியில் செய்தி இருக்க வேண்டும்.

தாளே இல்லாத இடத்தில் மனிதன் அஞ்சி விலகி நிற்பான். தவறான தாள் உள்ள இடத்திலோ அதை நம்பிக் கையை நீட்டுவான். ஆகையால் பிழையான ஆவணம், ஆவணம் இல்லாமையினும் கொடியது. நாளை நம்மில் சிலர் செவிலியராகலாம். சிலர் தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பணிபுரியலாம். அன்று நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் ஒருவர் நம்பிக் கை நீட்டுவார் என்பதை நினைவிற் கொள்வோமாக!