கோட்டிலிருந்து வண்ணத்திற்கு: ஓவியர் ஆதிமூலம்

வண்ணத்தை விரும்பாதவர் இலர். ஆயினும் அதன் இயல்பை அறிந்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம். அவர்தம் வாழ்வையும் வண்ண ஈடுபாட்டையும் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பயிற்சியும்

திருச்சி மாவட்டத்துக் கீரம்பூரில் 1938-இல் பிறந்த ஆதிமூலம், 1959-இல் சென்னைக்கு வந்தார். சிற்பி தனபாலின் வழிகாட்டுதல் அவருக்குக் கிடைத்தது. 1960-இல் சென்னை அரசு கலைப் பள்ளியில் சேர்ந்து, 1966-இல் பயிற்சியை முடித்தார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தோற்றுவித்த அப்பள்ளிக்கு அக்காலத்தில் தலைமை ஏற்றிருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர் ஆவார்.

கறுப்பு வெள்ளைக் காலம்

ஆதிமூலத்திற்கு முதலில் புகழ் தேடித் தந்தவை கோட்டோவியங்களே. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி, அண்ணலின் வாழ்வை அவர் வரிசை வரிசையாக வரைந்தார். அரசர்களின் உருவங்களையும் கறுப்பு மையால் தீட்டினார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த படங்களைத் தமிழ் வாசகர் நன்கறிவர்.

வண்ணக் காலம்

கோட்டில் பெயர் பெற்றவர் அதனோடு அமைந்திருக்கலாம். அவரோ பின்னாளில் உருவங்களைத் துறந்து, எண்ணெய் வண்ணங்களாலேயே நிலமும் வானும் நீரும் தோன்றச் செய்தார். பெரிய திரைகளில் அடுக்கடுக்காய் அப்பிய அவ்வண்ணங்களில் மேலடுக்கின் ஊடே கீழடுக்கு எட்டிப் பார்க்கும்.

அருகருகே அமைந்த நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரூல் 1839-இல் நூலாக எழுதி விளக்கினார். காஞ்சிப் பட்டில் உடலின் பச்சை, கரையின் அரக்குச் சிவப்பை எடுப்பாக்குவதும் இதனாலேயே.

நமக்கு உரியது என்ன?

என் ஊர் ஒரகடம். எங்கள் பகுதி இளைஞர்க்கு வண்ணம் என்றால் வாகனத் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்தான் நினைவுக்கு வரும். அங்கே துருத்தடுப்பு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேலே பளபளப்புப் பூச்சு என்று அடுக்குகள் உண்டு. நிறப்பூச்சு அடிப்பூச்சை முற்றும் மறைக்க வேண்டும்; கதவின் நிறமும் பம்பரின் நிறமும் சிறிது வேறுபட்டாலும் அது குறை. ஓவியத்திலோ அந்த வேறுபாடே உயிர்.

எனினும், அச்சிறு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் தொழிலாளியின் கண் ஓவியனின் கண்ணுக்குத் தாழ்ந்ததன்று. தொழிலில் குறை காணப் பழகிய அக்கண்ணுக்கு அழகு காணவும் வாய்ப்பளிப்பது நம் கடமை.

முடிவுரை

ஆதிமூலம் 2008 சனவரி 15-இல் மறைந்தார். அவர் தலைமுறையின் சென்னை ஓவிய இயக்கப் படைப்புகளை ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலக் கலைக் கிராமத்தில் காணலாம். நம் கல்லூரி ஆண்டுச் சுற்றுலாவில் ஒரு நாளை அதற்கு ஒதுக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். மாணவத் தோழர்களே, தொழிற்சாலையில் பணிபுரியும் உங்கள் அண்ணன்மாரையும் உடன் அழைத்து வாருங்கள்.